மூன்றாவது வரிசைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

ஆத்தா,

வெள்ளிக்கிழமை நீ அந்த நெதர்லாந்து கம்பெனிக்கு அனுப்பப்போகிற ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டும். "வேலையில் சேருவதற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமான கண்டுபிடிப்பு ஏதாவது இருந்தால் இங்கே எழுதவும்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்ததே, அதில் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே "எதுவும் இல்லை" என்று எழுதினாய். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இப்ப எழுதலைன்னா, பின்னாடி அங்கன போயி அதே மாதிரி நான் எது செஞ்சாலும் அவுகளுக்குத்தான்ப்பா சொந்தம். என்னுதுன்னு கேக்க முடியாது" என்றாய். "அப்ப வாழைக்குக் கட்டுன அந்த பெல்ட்ட எழுத வேண்டியதுதான?" என்று உன் அம்மா கேட்டாள். நீ சிரித்தாய். "தோத்துப்போனத எழுதுனா சிரிப்பாகம்மா." நான் தட்டில் பாதி இட்லி இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போனேன். நீ கவனிக்கவில்லை. உன் அம்மா கவனித்தாள்.

உன் பெல்ட் தோற்கவில்லை. தோற்றதா ஜெயித்ததா என்று தெரியாமலே போய்விட்டது. அப்படிப் போகும்படி செய்தவன் நான். இந்தக் கடிதத்தில் இருக்கிற விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதி நிறுத்தினால் நீ நம்பமாட்டாய், உன்னைச் சமாதானப்படுத்த அப்பா கதை கட்டுகிறார் என்பாய். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி உன் அம்மாவிடம் கொடுப்பேன். நானே அனுப்புவதாக இருந்தால் கடைசி நிமிடத்தில் கிழித்துப்போட்டாலும் போடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம், எனக்கும் அதே சந்தேகம்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை இங்கே மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை உன் பெட்டி எத்தனை கிலோ என்று கேட்டு வைத்துவிட்டேன். என் குணம் உனக்குத் தெரியும். தப்பை ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறப்பேன், நீ ஒரு கேள்வி கேட்டால் போதும், குரல் ஏறிவிடும், பத்தாவது நிமிடத்தில் தப்பு உன்னுடையதாகிவிடும். நம் வீட்டில் எத்தனையோ சண்டை அப்படித்தான் முடிந்திருக்கிறது. தாளிடம் கத்த முடியாது.

நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் குவைத்தில் ஒரு பழச்சந்தையில் பெட்டி இறக்கியதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒட்டகம், வெயில், ரொட்டி என்று சிரிப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து வாழைக்காய்ப் பெட்டி வரும். திறந்தால் ஒரே நீளம், ஒரே பச்சை, ஒரு கீறல் கிடையாது, சீப்புக்குச் சீப்பு நடுவில் மெத்தென்று தாள். எனக்கு மேலே இருந்த மேஸ்திரி கட்டப்பனைக்காரர், மலையாளி. "சேட்டா, எங்க ஊர்ப் பழம் இங்கன வராதா?" என்று கேட்டேன். "வரும். ஆனா கப்பல்லயே கறுத்துப்போகும்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் மார்க்கையன்கோட்டை மண்ணுக்கும் பெரியாற்றுத் தண்ணீருக்கும் என்ன குறை? பிலிப்பைன்ஸ்காரனும் வாழைதான் நடுகிறான், அவனுக்கும் இரண்டு கைதான். நான் தூக்கிய பெட்டிக்குள் இருந்த வித்தியாசம் மண்ணில் இல்லை. எப்போது வெட்டுவது, வெட்டிய காம்பில் வடிகிற பாலை எப்படிக் கழுவுவது, எந்தக் குளிரில் வைப்பது என்று அங்கே யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். குவைத்துக்காரன் தரைக்கு அடியில் கிடைத்ததை விற்றான், பிலிப்பைன்ஸ்காரன் தெரிந்துகொண்டதைக் காயோடு சேர்த்து விற்றான். நாங்கள் வெறும் காயை விற்றோம்.

பிறகு நாமும் கற்றுக்கொண்டோம். சோதனைக்கூடத்தில் வளர்த்த கன்று வந்தது, சொட்டுநீர்க் குழாய் வந்தது, தாருக்கு உறை போட்டோம், தொட்டியில் கழுவினோம், இன்றைக்குச் சின்னமனூரிலிருந்து குளிர்பெட்டி லாரி போகிறது. நம் வீட்டு மாடி அதில் வந்ததுதான், உன் கல்லூரிப் படிப்பும் அதில் வந்ததுதான். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் யோசித்துப் பார், அதில் ஒன்றாவது நாம் யோசித்ததா? கன்று ஒருவன் யோசனை, குழாய் இன்னொருவன் யோசனை. பார்த்துச் செய்கிறவன் வேகமாகத்தான் ஓடுவான், பாதை கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. ஆனால் முன்னால் போகிறவனின் முதுகைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவன் இன்னொரு பக்கம் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும், அவன் கேட்கிற விலையைக் கொடுத்து.

நீ பத்தாவது படிக்கும்போது கன்று விற்கிற கம்பெனி வழியாக ஒரு வெள்ளைக்காரர் நம் தோட்டத்துக்கு வந்தார், நினைவிருக்கும். கூட வந்தவருக்குத் தமிழ் சரியாக வராததால் நீதான் மொழிபெயர்த்தாய். நான் வழக்கம்போல ரோட்டோர வரிசைக்குக் கூட்டிப்போனேன். இங்கே எந்தத் தோட்டத்துக்காரனும் அதைத்தான் செய்வான். தோட்டத்துக்கு ரோட்டோர வரிசைதான் முகம். மாட்டு எருவானாலும் மண்புழு உரமானாலும் முதல் கூடை அதற்குத்தான். பெண் பார்க்க வருகிறவன்கூட அந்த வரிசையைப் பார்த்துத்தான் வீட்டை எடை போடுவான். அவர் அதைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு உன்னிடம் ஏதோ சொன்னார். "அப்பா, இவுகளுக்கு இருக்கிறதுலயே மோசமான மரத்தப் பாக்கணுமாம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுக்கு வந்தவருக்கு ஊசிப்போன சோத்தையா போடுவாக? இங்கன அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். அவர் நம்பவில்லை. தானே நடந்து வடிகால் மூலைக்குப் போய், நோயில் நின்ற ஒரு மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேரைத் தோண்டி முகர்ந்து பார்த்து, அரை மணி நேரம் எழுதினார். நீயும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நான் வரப்பில் நின்று, இளநீர் வெட்டி வைத்தது சூடாகிறதே என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உனக்குப் புரிந்தது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறில் வந்து நீ அதைச் செய்தாய். வாழைத் தண்டைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டை. பகலில் மரம் தண்ணீரை இழக்கும்போது தண்டு மயிரிழை சுருங்கும், இரவில் குடித்துப் பெருக்கும், அந்த மயிரிழையை அளந்து, மரத்துக்குத் தாகமா இல்லையா என்று அது வால்வுக்குச் சொல்லும் என்றாய். வெளிநாட்டில் இதுபோல இருக்கிறது, ஆனால் அது கட்டை மரத்துக்குச் செய்தது, வாழை மட்டைக்கு நிற்காது, விலையும் நம்மால் முடியாது, இது வாழைக்கென்றே நான் செய்தது என்று நீ சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சோதித்துப் பார்க்க மூன்று வரிசை கேட்டாய். முதல் வரிசைக்கு நம் வழக்கப்படி தாராளமாகத் தண்ணீர். இரண்டாவதற்கு பெல்ட் கேட்கும்போது மட்டும். மூன்றாவதற்கு பெல்ட் கிடையாது, இரண்டாவது குடிக்கிற அதே குறைந்த அளவை, வெயிலோ காற்றோ பார்க்காமல் மணிப்படி விட வேண்டும். இரண்டாவது செழித்து மூன்றாவது வாடினால்தான், தண்ணீரைக் குறைத்தது மட்டும் போதாது, மரத்தின் தாகம் அறிந்து கொடுத்ததுதான் காரியம் என்று ஆகும். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று நான் தப்பிக்க முடியாது. எந்த வரிசைக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டாய். வாட வேண்டிய வரிசை ரோட்டோரத்தில் விழுந்தது. "மாத்து" என்றேன். "சீட்டுல வந்தது வந்ததுதான்ப்பா. நம்ம இஷ்டத்துக்கு மாத்துனா அது சோதனை இல்ல." மூன்றாவது வரிசைக்கும் தண்ணீரை அளக்கிற ஒரு அளவி வைக்கலாமா என்று உனக்கு உதவியாக வந்திருந்த பையன் கேட்டதற்கு நீ சொன்ன பதில் என் காதிலேயே இருக்கிறது. "அதுக்கு மெஷின் வேணாம். அப்பா இருக்காக. அப்பா நோட்டுல எழுதுனாப் போதும்."

ஆடிக் காற்று உனக்குத் தெரியும். கம்பம் கணவாய் வழியாக நுழைந்து ராத்திரி பகலாக அடிக்கும், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். முதல் வாரமே மூன்றாவது வரிசையில் இலைகள் மடிந்து தொங்க ஆரம்பித்தன. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். பைக்கை நிறுத்தி, "என்ன மாமா, மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டார்கள். "அடுத்த வருசத்துல இருந்து வெவசாயத்த விடப் போறீகளா?" என்று ஒருத்தன் கேட்டான். பத்து நாள் பல்லைக் கடித்தேன். பதினோராவது நாள் காலை மும்முனைக் கரண்டு வந்ததும், நீ கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருப்பாய் என்று கணக்குப் பண்ணி, தொட்டியிலிருந்து ஹோஸை இழுத்து அந்த வரிசைக்குப் போட்டேன். சாயங்காலம் இலை நிமிர்ந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கு நோட்டில் "மணிப்படி" என்று எழுதினேன். அதன் பிறகு காற்றடித்த நாளெல்லாம் ஊற்றினேன், ஊற்றிய நாளெல்லாம் "மணிப்படி" என்று எழுதினேன். நீ வருகிற சனிக்கிழமைக்கு முந்தின நாள், ஈரம் தெரியாமல் இருக்க மேலே சருகைப் பரப்பினேன். தண்ணீர் ஊற்றியதுகூடப் பெரிதில்லை, அந்தச் சருகைப் பரப்பினேனே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

தார் வெட்டி எடை போட்ட அன்று கோயம்புத்தூரிலிருந்து நீ அழைத்து வந்த அந்த ஆராய்ச்சிக்கார அம்மா நாற்காலியில்கூட உட்காரவில்லை. இரண்டாவது வரிசையும் மூன்றாவது வரிசையும் தாருக்குத் தார் சமம். "பெல்ட் இல்லாமலே இதே எடை வருதேம்மா. தண்ணிய மணிப்படி குறைச்சாப் போதும்னுதானே ஆகுது? அப்ப பெல்ட் எதுக்கு?" என்று அவர் கேட்டார். கெடுதலாகக் கேட்கவில்லை. நீ நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரு பார்வை என்னைப் பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, அப்பாவுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்கிற பார்வை. நான் தராசுச் சங்கிலியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நீ பெல்ட்டுகளை அவிழ்த்து, பால் கறை போகக் கழுவி, சாக்கில் கட்டி மோட்டார் ரூமில் வைத்தாய். "விடு ஆத்தா, படிச்ச வேலைய ஒழுங்காப் பாரு" என்று உன் முதுகில் தட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகு நீ தோட்டத்துப் பக்கமே வரவில்லை, இரண்டு வருடமாக.

இதோடு போயிருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி மறைத்தே இருந்திருப்பேன். போகவில்லை. நம் பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பாண்டிச் சித்தப்பா அன்றைக்கு எடை போடும்போது கூட நின்றானே, அவன் கேட்டதைப் பிடித்துக்கொண்டான். பெல்ட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தண்ணீரை மணிப்படி குறைத்தாலே அதே எடை என்று, மறுவருடம் தன் தோட்டம் முழுக்க அப்படியே செய்தான். ஆடி வந்தது. அவன் சொன்ன சொல் மாறாதவன், ஒரு சொட்டு அதிகம் விடவில்லை. தார் சிறுத்தது, காய் விரல் கனத்துக்கு மேல் திரளவில்லை, ஏற்றுமதிக்கு வாங்க வந்த ஆள் தோட்டத்துக்குள் கால் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். செல்லப்பாண்டி என்னிடம்தான் வந்தான்.

"ஒங்க மக செஞ்ச மாதிரிதானண்ணே செஞ்சேன். எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

"மண்ணு வேற மண்ணுடா" என்றேன்.

"ஒரே வரப்புக்கு இங்கிட்டும் அங்கிட்டும்ணே. எங்கன வேற மண்ணு?"

அவன் போய்விட்டான். அதன் பிறகு டீக்கடையில், படித்த பிள்ளைகள் பேச்சைக் கேட்டால் பிச்சைதான் எடுக்க வேண்டும் என்று அவன் உன் பெயரைச் சொல்லியே பேசுவது என் காதுக்கு வந்தது. நான் பொய் எழுதினேன், வசவு உனக்குப் போனது. பொய்யாக ஒரு நோட்டு எழுதினால் அது நம் வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் என்று நினைத்தேன். அதை நம்பி ஒருவன் வருடம் முழுக்கப் பாடுபடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருடம் கன்று நடுவதற்கு முன் அவனுடைய மோட்டார் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மாவையும் கூட்டிப்போனேன், அவளுக்கும் அப்போதுதான் தெரியும். செல்லப்பாண்டி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நெருங்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் புள்ளைய ஊரெல்லாம் ஏசிக்கிட்டுத் திரிஞ்சேனேண்ணே" என்றான். அப்புறம், "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க" என்றான். அவன் நஷ்டத்துக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், அது எங்களுக்குள். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. பதினைந்து நாள் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பதினாறாவது நாள் கையில் ஒரு பூட்டோடு வந்தான். "பெல்ட்டு சாக்குலதான கெடக்கு? மறுபடி போடுவோம். மூணாவது வரிச வால்வுக்கும் தொட்டிக் குழாய்க்கும் பூட்டு. சாவி எங்கிட்ட இருக்கட்டும், மணிக்கு நானே வந்து தெறந்து விடுறேன்."

ஆமாம் ஆத்தா, உன் சோதனை மறுபடி நடக்கிறது. உன் பழைய நோட்டைப் பார்த்து அதேபோல மூன்று வரிசை, அதே பெல்ட், சீட்டை அவன் குலுக்கினான். இந்தத் தடவை வாட வேண்டிய வரிசை உள்ளே, நடுவில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ பஸ்ஸில் வந்தபோது அது கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். ரோட்டிலிருந்து ஒருத்தனுக்கும் தெரியாது, இனிமேல் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். காற்று தொடங்கி இலை மடிந்ததும் என் கால் தானாக அங்கே போய்விட்டது. கேட்பார் இல்லை, பார்ப்பார் இல்லை, ஆனாலும் நிற்க முடியவில்லை. ஊர் வாய்க்குப் பயந்துதான் அன்றைக்கு ஊற்றினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் பாதிப் பொய். நான் நட்ட பயிர் என் கண் முன்னால் சாவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. செல்லப்பாண்டி வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டேன். "எதுக்கு?" என்றான். வால்வு ஒழுகுகிற மாதிரி இருக்கிறது என்றேன். "ஒழுகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஐம்பத்தெட்டு வயதில், பக்கத்துத் தோட்டக்காரன் வாசலில் திருடன் மாதிரி நின்றேன்.

நீ போகிற நாடு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நாடு, வருடத்தில் பாதி நாள் வெயிலே பார்க்காத நாடு என்று நீதான் சொன்னாய். அங்கே கண்ணாடிக் கூரைக்குள் தக்காளி விளைத்து ஊருக்கெல்லாம் விற்கிறார்கள். நமக்கு வெயிலும் மண்ணும் சும்மா கிடைத்தன, நாம் அவர்களிடம் குழாய் வாங்குகிறோம். அவர்கள் மூளை கூட, நம் மூளை குறைச்சல் என்றால் நான் ஒப்பமாட்டேன். மலைக்கு மேலே இடுக்கியில் ஒரு சாதாரண விவசாயி தன் தோட்டத்தில் தேடிப்பிடித்த ஏலச்செடிதான் இன்றைக்கு அந்த மலையெல்லாம் நிற்கிறது. வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. அங்கே ஒரு வரிசை வாடினால் ஒரு வீட்டு அடுப்பு அணைந்துபோகாது, அந்த நஷ்டத்தை ஊரும் நாடும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அதனால் வாட விட்டுப் பார்க்கிறார்கள், பார்த்ததை உள்ளபடி எழுதுகிறார்கள், அடுத்த வருடம் அந்த எழுத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். நாம் ஒவ்வொரு வருடமும் தரையிலிருந்தே ஆரம்பிக்கிறோம். பத்து வருடத்தில் அவர்கள் எங்கே, நாம் எங்கே? ஒரு நாடு முன்னேற உன்னைப்போல யோசிக்கிற பிள்ளைகள் மட்டும் போதாது. வாடுகிற வரிசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அப்பன்களும் வேண்டும். நீ உன் பங்கைச் செய்தாய். என் பங்கில் நாடு தோற்றது என்று சொன்னால் உன் அம்மா சிரிக்கிறாள், பெரிய மனுசன் பேச்சு பேசாமல் விஷயத்தை எழுதுங்க என்கிறாள். ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். கண்ணால் பார்த்தால் இரண்டாவது வரிசையில் தார் நன்றாக இறங்கியிருக்கிறது, மூன்றாவதில் சிறுத்திருக்கிறது. ஆனால் என் கண்ணை நம்பாதே. வெட்டி எடை போட இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கோ மூன்று நாள்தான் இருக்கிறது. "ஜெயித்தது" என்று எழுதச் சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கட்டத்தில் பெல்ட்டின் பெயரை எழுது, நீ செய்த வருடத்தை எழுது. முதல் சோதனை கெட்டுப்போனது, தண்ணீர் விட்ட ஆள் பொய்க்கணக்கு எழுதினார், இப்போது மறுபடி நடக்கிறது என்று எழுது. யார் அந்த ஆள் என்று கேட்டால் அப்பா என்று சொல். வெட்கம் என்னுடையது, உனக்கு அதில் பங்கு இல்லை. பழைய நோட்டில் நான் பொய் எழுதிய நாட்களுக்கு எதிரே சிவப்பு மையால் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நினைவில்லாத நாட்களுக்கு "நினைவில்லை" என்றே எழுதியிருக்கிறேன், ஊகித்து எழுதவில்லை. செல்லப்பாண்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்தப் பக்கங்களையும் சேர்த்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஊர் படித்தாலும் பரவாயில்லை.

உன்னைப் போகாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போய் வா. தோற்றவளாகப் போகாதே, அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்து எடை போடும்போது பெல்ட் உண்மையிலேயே வீண் என்று தெரிந்தால் அதையும் கிராம் சுத்தமாக உனக்கு எழுதுவேன். அப்போது நீ அதைத் தோல்வி என்று சொல்லிக்கொள், யாரும் தடுக்கமாட்டோம். இதுவரை நீ சுமந்தது உன் தோல்வியே இல்லை ஆத்தா, என்னுடையதை நீ சுமந்தாய்.

அந்த வரியை மாற்றி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடு. அனுப்புவதற்கு முன்னால் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் நான் எதையாவது மழுப்பிவிடுவேன். அனுப்பிய பிறகு, ஏன்ப்பா இப்பிடிச் செஞ்சீக என்று கேள். எத்தனை தடவை கேட்க வேண்டுமோ அத்தனை தடவை கேள். கத்தாமல், பேச்சை மாற்றாமல், நீ கேட்டு முடிக்கிற வரைக்கும் போனைக் காதில் வைத்திருப்பேன்.

அப்பா